சேறு பூசிய சைக்கிள்

நவம்பர் 4, 2024, திங்கள்

மழை இல்லை. வயலில் மோட்டார் கொட்டாயில் உட்கார்ந்து பேசுகிறேன்.

எனக்கு எழுத்து தெரியாது. இந்தப் போனில் மைக் படத்தை அழுத்திப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும், தேதியும் போட்டுக்கொள்ளும் என்று மருமகள் மஞ்சுளா காட்டிக் கொடுத்தாள். "வூட்டுல பேசுற மாதிரி பேசுனா தப்புத்தப்பா எழுதும் மாமா. ரேடியோல நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசுங்க" என்றாள். அப்படித்தான் பேசுகிறேன். எனக்கே சிரிப்பு வருகிறது. என் சம்சாரம் வள்ளியம்மாள் உயிரோடு இருந்தால், இன்னாயா கலெக்டர் ஆயிட்டியா என்று கேட்டிருப்பாள். அவள் போன பிறகு வீட்டில் நான் பேசுவது குறைந்துவிட்டது. அதனால்தான் இது.

இன்றைய சங்கதி சைக்கிள். போன மாதம் பழைய சைக்கிள் பிரேம் விட்டுப்போனது. வெல்டிங்குக்கு மேல் வெல்டிங் வைத்த பிரேம். பட்டறைக்காரன் இனிமேல் இதைக் கொண்டு வராதே என்று கும்பிட்டுவிட்டான். கண் ஆபரேஷனுக்குப் பிறகு எக்ஸெல் வண்டியைத் தொடக் கூடாது என்று மகன் புகழ்வேந்தன் சாவியை வாங்கி வைத்துக்கொண்டான். இப்போது அவன் கம்பெனியில் தீபாவளிக்குக் கூப்பன் கொடுத்திருக்கிறார்கள். பாண்டியில் ஒரே கடையில்தான் செல்லுமாம். அந்தக் கடையில் நம் காலத்துச் சைக்கிள் கிடையாது. கூப்பனுக்கு இரண்டு வகைதான் வரும் என்று படம் காட்டினான்.

ஒன்று நீலம். ஒல்லியான டயர், உடம்பு லேசு. ஹைப்ரிட் என்று பெயர். இன்னொன்று கறுப்பு. டிராக்டர் டயர் மாதிரி முண்டு முண்டாக டயர், முன்னால் மோட்டார் பைக்குக்கு இருக்கிற மாதிரி ஷாக்கப்சர். அது மலை சைக்கிளாம்.

"எது வேணும்னு சொல்லுப்பா. ஞாயித்துக்கிழமை போயி எடுத்தாந்துடலாம்."

நீலம் என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

எதுக்கு நீலம்னு கேட்டா இன்னா சொல்லுவேன்?

நவம்பர் 5, செவ்வாய்

இதை யாரும் படிக்கப்போவதில்லை. எனக்கே படிக்கத் தெரியாது. அதனால் சொல்லிவிடுகிறேன்.

நான் தவளக்குப்பம் போக வேண்டும். என் மகள் இளவரசி அங்கேதான் இருக்கிறாள். பிரிட்டோவைக் கட்டிக்கொண்டு போனாள். பிரிட்டோ யார்? எங்கள் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் வந்த சூசைநாதனின் மகன். ஏசி ரிப்பேர் பார்க்கிறான். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஆனால் ஊர் அதையா பார்க்கும்? அவள் கட்டிக்கொண்டு போன வருஷமும் அதற்கு அடுத்த வருஷமும் அம்மன் கோயில் செடல் திருவிழாவுக்கு எங்கள் வீட்டு வரியை வாங்க மாட்டோம் என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். புகழு வரிப்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கோயில் வாசலில் நின்றதை நான் பார்த்தேன். அந்த முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. இந்த வருஷம்தான் வாங்கினார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சொன்னான்:

"இனிமே இந்த வூட்டுலேர்ந்து யாராவது அவ வாசப்படிய மிதிச்சா, அப்பறம் என் மூஞ்சில முழிக்க வேணாம்."

என்னைப் பார்த்து அவன் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னான். அது இன்னும் மோசம்.

இளவரசிக்கு இது எட்டு மாசம் முடிந்து ஒன்பது நடக்கிறது. தலைப்பிரசவம். அம்மா இல்லாத பெண். பழைய சைக்கிளில் இரண்டு தடவை திருட்டுத்தனமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டாம் தடவை திரும்பி வருகையில்தான் பிரேம் விட்டது. பஸ்ஸில் போகலாமே என்றால் ஏறின உடனே எங்கே போற, எதுக்குப் போற என்று நாலு பேர் கேட்பார்கள். நான் இறங்குவதற்கு முன்னால் சேதி செலியமேட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். சைக்கிளில் போகிறவனை யாரும் கேட்க மாட்டார்கள். கிழவன் வயலுக்குப் போகிறான், அவ்வளவுதான்.

தவளக்குப்பம் வரைக்கும் தார் ரோடு. தார் ரோட்டுக்கு எது வேண்டும் என்று படத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

நவம்பர் 7, வியாழன்

மெதுவாகப் பேச்செடுத்தேன். "அந்த நீலம் லேசா இருக்கும் போலிருக்கே. முழங்காலுக்கு நல்லதுதானே புகழு" என்றேன்.

சோறு பிசைந்துகொண்டே சொன்னான், "மெல்லிசு டயருப்பா. வரப்புல ஏத்துனா வாய்க்கால்ல உழுந்துடும். தார் ரோட்டுல உனக்கு இன்னா வேலை?"

தலையைத் தூக்கவே இல்லை. கேள்வியா, வெறும் பேச்சா? தெரியவில்லை. நான் மோர் ஊற்றச் சொன்னேன்.

நவம்பர் 9, சனி

மத்தியானம் இளவரசி கூப்பிட்டாள். கால் வீங்கியிருக்கிறதாம். பிரஷர் ஏறுகிறது என்று டாக்டரம்மா சொன்னாளாம். பிரிட்டோ வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் தனி.

"நீ வராட்டியும் பரவால்லப்பா. போன்ல பேசு போதும்" என்றாள்.

சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். எது வேண்டுமோ அதை வேண்டாம் என்பாள். ஐந்து வயசில் பாகூர் கடைத்தெருவில் பஞ்சுமிட்டாய்க்காரனைப் பார்த்துக்கொண்டே, எனக்குப் புடிக்காதுப்பா என்று சொன்னவள் அவள். எனக்கா மறக்கும்?

நவம்பர் 10, ஞாயிறு

கடைக்குப் போனோம். புகழு, மஞ்சுளா, நான்.

இரண்டையும் வெளியே எடுத்து நிறுத்தினார்கள். கடைக்காரர் நல்ல மனுஷன். "ஓட்டிப் பாருங்க தாத்தா" என்று நீலத்தைக் கொடுத்தார். அந்தத் தெருவிலேயே ஒரு சுற்று போனேன். என்ன சொல்வது! நான் மிதிக்கவே இல்லை, அதுவே போகிறது. காற்று காதில் விர்ரென்றது. இதில் ஏறினால் தவளக்குப்பம் எந்த மூலை! திரும்பி வந்து இறங்கும்போது முகத்தில் சிரிப்பு இருந்திருக்க வேண்டும். மஞ்சுளா பார்த்தாள்.

பிறகு கறுப்பு. யானை மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒரு மிதி போட்டால் அதில் பாதியை முன்னால் இருக்கிற ஷாக்கப்சரே தின்றுவிடுகிறது. தார் ரோட்டில் டயர் உர்ர்ர் என்று கத்துகிறது.

கடைக்காரர் கேட்டார், "எந்த ரோட்டுல ஓட்டுவீங்க தாத்தா? அத மட்டும் சொல்லுங்க. எது எடுக்கணும்னு நான் சொல்லிடுறேன்."

ஒரு கேள்விதான். சின்னப் பிள்ளை கூடப் பதில் சொல்லும்.

புகழு என் பக்கத்தில் நிற்கிறான். அவன் என்னைப் பார்க்கிறான், நான் சைக்கிளைப் பார்க்கிறேன். நீலம்னு சொன்னா எந்த ரோடு? எந்த ரோடுன்னு சொன்னா யார் வூடு? எல்லாம் ஒன்றன் பின்னால் ஒன்றாகச் சங்கிலி மாதிரி வரும்.

"வயக்காடுதான்" என்றேன்.

"அப்ப யோசிக்கவே வேணாம். கறுப்புதான்."

புகழு மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அவனுக்கும் பயம் இருந்திருக்கிறது போல.

வரும் வழியெல்லாம் மஞ்சுளா என் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

நவம்பர் 11, திங்கள்

மாட்டுக் கொட்டாயில் நிற்கிறது, கறுப்பாக. பார்க்கப் பிடிக்கவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

டீக்கடையில் என் பங்காளி சின்னப்பிள்ளை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்துகிறான்: "இன்னா கண்ணையாண்ணே, மலை ஏறுற சைக்கிளாமே! நம்மூர்ல எந்த மலைக்குப் போற? ஏரிக்கரைக்கா?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு இருக்கிற மலை இவனுக்குத் தெரியாது.

நவம்பர் 13, புதன்

போய் வந்துவிட்டேன். கால் இரண்டும் என்னுடையதாகவே இல்லை.

பாகூர் வரைக்கும் பரவாயில்லை. கடலூர் ரோட்டில் ஏறின பிறகு எதிர்க்காற்று. இந்த வண்டியில் ஏழு கியர் இருக்கிறது. டிராக்டர் கியர் மாதிரிதானே என்று நானே திருகினேன். கிருமாம்பாக்கம் கிட்டே சங்கிலி கழன்றுபோய் நின்றுவிட்டது. லாரிகள் என்னை உரசிக்கொண்டு போகின்றன. குனிந்து சங்கிலியை மாட்டும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. இங்கேயே விழுந்துவிட்டால்? கிழவன் கடலூர் ரோட்டில் எதற்குக் கிடந்தான் என்று புகழுவிடம் யார் சொல்வார்கள்? நான் சாவதைவிட அந்தச் சேதி அவனுக்குப் போவதுதான் பயமாக இருந்தது.

எனக்குப் போர்டு படிக்கத் தெரியாது. தவளக்குப்பத்தில் பச்சைச் சிலுவை போட்ட மருந்துக்கடையைத் தாண்டி, மீன் விற்கிற காசம்மாள் உட்காரும் முனையில் திரும்ப வேண்டும். மூன்றாவது வீடு.

கதவைத் திறந்தாள். என் பிள்ளை முகம் ஊதிப்போயிருக்கிறது. கண் சின்னதாகிவிட்டது. கால் மேல் விரலை வைத்து அழுத்தினேன். பள்ளம் அப்படியே நிற்கிறது.

"இன்னாப்பா இப்பிடி வேர்த்துருக்கு? பைக்ல ஏத்தியார யாரும் இல்லியா?" என்றாள். சைக்கிளைப் பார்த்துச் சிரித்தாள். "இத யாரு உனக்கு வாங்கிக் குடுத்தா?"

"உங்க அண்ணன்."

சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு டயரைத் தொட்டுப் பார்த்தாள். "நல்ல டயருதான் வாங்கிக் குடுத்துருக்கான்" என்றாள். அந்தக் குரலை நான் சொல்ல முடியாது. அண்ணனை அவள் ஒரு நாளும் திட்டியதில்லை.

ஒரு வாய் காப்பி குடிக்கிற நேரம்தான் இருந்தேன். வீட்டுக்கு வருகிற வழியில்தான் புத்தி வந்தது. வண்டி வயலுக்குப் போன வண்டி மாதிரியே இல்லை. தார்ப் புழுதிதான் இருக்கிறது. நம் நிலத்து வாய்க்காலில் இறக்கி, இரண்டு டயருக்கும் கை நிறையச் சேறு அள்ளிப் பூசினேன். புதுச் சைக்கிளுக்கு ஒரு கிழவன் நின்று சேறு பூசுகிறான். யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள்.

நவம்பர் 14, வியாழன்

காலையில் மஞ்சுளா மாட்டுக்குத் தண்ணி காட்ட வந்தவள், சைக்கிள் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள்.

"மாமா, ஒன்னு சொல்லட்டுமா? சேறு பூசுனா பெடல்லயும் பூசணும். செருப்புல இல்லாத சேறு டயர்ல மட்டும் எப்பிடி வரும்?"

சொல்லிவிட்டுத் தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

புகழுவிடம் சொல்லிவிடுவாளா?

நவம்பர் 19, செவ்வாய்

சொல்லவில்லை.

இன்று பாகூரில் கண்ணாடி வளையல் வாங்கினேன். பிறந்த வீட்டிலிருந்து பெண்கள் போய்ச் சந்தனம் பூசி, வளையல் அடுக்கி, சோறு கட்டி எடுத்துப்போய்ச் செய்ய வேண்டியது. அவளுக்கு யார் செய்வார்கள்? வளையல்கூடப் போடாமல் என் பிள்ளை பிரசவத்துக்குப் போவதா? வைக்கோல் போரில் செருகி வைத்தேன்.

நவம்பர் 20, புதன்

செருகிய இடத்தில் வளையல் இல்லை. உயிரே போய்விட்டது.

மஞ்சுளா சமையல் கட்டிலிருந்து வந்து பொட்டலத்தைக் கையில் கொடுத்தாள். "நீங்க வாங்குன அளவு பத்தாது மாமா. மாசமா இருக்கறவளுக்குக் கை வீங்கியிருக்கும். பெரிய சைசா மாத்தியாந்துட்டேன். சிவப்பும் பச்சையும் கலந்து வெச்சிருக்கேன்."

பொட்டலத்தை மடியில் ஒளித்துக்கொண்டேன்.

"யாருக்குன்னு நான் கேக்கல மாமா. நீங்களும் சொல்லாதீங்க. அவரு கேட்டா எனக்குப் பொய் சொல்ல வராது."

நவம்பர் 22, வெள்ளி

தவளக்குப்பம் சந்திப்பில் விழுந்துவிட்டேன்.

ஷேர் ஆட்டோக்காரன் ஒருவன் திடீரென்று ஒடித்தான். இந்த வண்டியில் பிரேக்கைத் தொட்டாலே நின்றுவிடும். பழைய சைக்கிள் நினைப்பில் இறுக்கிப் பிடித்தேன். வண்டி நின்றது, நான் நிற்கவில்லை. முழங்கை தோலுரிந்தது. அது கிடக்கட்டும். கைப்பிடியில் மாட்டியிருந்த பொட்டலம் தரையில் அடித்த சத்தம் கேட்டது. கண்ணாடி சத்தம்.

ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்து பிரித்தேன். சிவப்பெல்லாம் நொறுங்கிக் கிடந்தது. அய்யோ. இதுக்கா இத்தினி பாடு பட்டேன்? இது இன்னா சகுனம்? திரும்பிப் போய்விடலாம் என்று இருந்தது. வள்ளியம்மா, நீ இருந்து செய்ய வேண்டியதை நான் இப்பிடி ஒடைச்சு வெச்சிருக்கேனே என்று வாய்விட்டுச் சொன்னேன். மீன் கூடையோடு காசம்மாள் வந்து தூக்கிவிட்டாள். "எழுந்திரு பெரியவரே. பச்சை நல்லாத்தான் இருக்குது. புள்ளைக்குப் பச்சைதான் குளுமை."

இளவரசி கையில் சோப்பு நுரை போட்டு நானே வளையல் ஏற்றினேன். இந்தக் கை ஏர் பிடித்த கை, மண்வெட்டி பிடித்த கை. கண்ணாடி வளையலைப் பிடிக்கத் தெரியவில்லை. வீங்கிய கையில் அது ஏறவே மாட்டேன் என்கிறது. வலிக்குதா வலிக்குதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"வலிக்கலப்பா. ஆனா ஆம்பள வந்து வளையல் போட்ட மொத வளைகாப்பு இதுதான்" என்று சிரித்தாள். பிறகு கையை ஆட்டிச் சத்தம் கேட்டாள். ஆட்டிக்கொண்டே அழுதாள்.

பிரிட்டோ மத்தியானமே வேலையை விட்டு வந்துவிட்டான். என் முழங்கைக்கு மருந்து போட்டான். வாசல் வரைக்கும் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான், "டிசம்பர் மொத வாரம்னு சொல்லிருக்காங்க மாமா. ஆனா தலைவலி வந்தாலோ கண்ணு மங்குனாலோ ஒடனே தூக்கியாந்துடணுமாம். எனக்குப் பயமா இருக்குது."

எனக்கும்தான்.

நவம்பர் 23, சனி

முழங்கையைப் பார்த்துப் புகழு கேட்டான். வரப்பில் வழுக்கிவிட்டது என்றேன். "ம்" என்றான். வெளியே போய்ச் சைக்கிள் டயரைத் தடவிப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கீறல் தேடுகிறான் போல.

நவம்பர் 28, வியாழன்

மழை. புயல் வருகிறது என்கிறார்கள். காலையில் இளவரசி கூப்பிட்டாள்: "கொஞ்சம் தலை வலிக்குதுப்பா. ஒன்னுமில்ல."

ஒன்றுமில்லை என்றால் ஏன் கூப்பிட்டாள்?

புகழு இன்று லீவு. வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறான். சைக்கிளைத் தொட்டால் மழையில எங்கப்பா போற என்று கேட்பான். நான் எழுந்து மாட்டுக் கொட்டாய்க்குப் போனேன், வந்தேன், போனேன், வந்தேன். "இன்னாப்பா, நெலை கொள்ளாம அலையிற?" என்றான்.

சொல்லிடலாமா? காலில் விழுந்துடலாமா, மகன் காலாச்சேன்னு பாக்காம? கோயில் வாசலில் அவன் நின்ற முகம் குறுக்கே வந்து நிற்கிறது. சொல்ல முடியவில்லை.

நவம்பர் 30, சனி

காத்து. ஓடு பறக்குது. கரன்ட் இல்ல. அவ போன எடுக்க மாட்டேங்குறா. இந்தப் போனுலயும் சார்ஜு கொஞ்சந்தான் — எடும்மா. ஒருவாட்டி எடும்மா.

டிசம்பர் 4, புதன்

இன்று பாகூரில் ஒருவர் வீட்டு ஜெனரேட்டரில் போனைச் சார்ஜ் போட்டு வாங்கி வந்தான் புகழு. எதையும் பேசாமல் என் பக்கத்தில் வைத்தான். நடந்ததைச் சொல்கிறேன்.

ஞாயிறு காலையில் காற்று நின்றது. மழை நிற்கவில்லை. மோட்டார் கொட்டாய் என்ன ஆனது என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று மஞ்சுளாவிடம் சொல்லிக் கிளம்பினேன். ரோடெல்லாம் மரம். கரன்ட் கம்பி தொங்குகிறது. தண்ணீர் எங்கே, ரோடு எங்கே என்று தெரியவில்லை. அன்றைக்குத்தான் அந்தக் கறுப்பு வண்டி உதவியது. கிளைமேல் ஏற்றினால் ஏறியது, சேற்றில் இறக்கினால் இறங்கியது. நீலமாக இருந்தால் பாகூர் எல்லையிலேயே போட்டுவிட்டுப் போயிருப்பேன். மிதிக்க முடிந்த இடத்தில் மிதித்தேன், முடியாத இடத்தில் தள்ளினேன், சில இடத்தில் தோளில் தூக்கினேன்.

தவளக்குப்பத்தில் அவள் தெருவில் முழங்கால் தண்ணீர். வீடு பூட்டியிருக்கிறது. வாசல் தண்ணீரில் அவளுடைய ஒரு செருப்பு மிதக்கிறது. கதவைத் தட்டினேன். பூட்டின கதவை எதற்குத் தட்டினேன் என்று தெரியவில்லை. தட்டிக்கொண்டே இருந்தேன்.

எதிர்வீட்டு மாடியிலிருந்து காசம்மாள் கத்தினாள்: "பெரியவரே! விடியக்காலத்துல வலிப்பு மாதிரி வந்துருச்சி. டிராக்டர்ல தூக்கிப் போட்டுக்கினு பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க!"

"உசுரோட போனாளா?"

"தெரியலியே சாமி. கையில வளையல் சத்தம் கேட்டுச்சி. அவ்ளோதான் தெரியும்."

பாண்டி பக்கம் திரும்பினேன். கொஞ்ச தூரத்திலேயே போலீஸ் கயிறு கட்டி நிறுத்தியிருந்தார்கள். தண்ணீர் ஆறு மாதிரி ரோட்டைக் கடக்கிறது. என் பொண்ணுங்க, என் பொண்ணுங்க என்று கையெடுத்துக் கும்பிட்டேன். "தாத்தா, உங்கள விட்டா நாளைக்கு உங்களத் தேடணும். திரும்புங்க" என்று வண்டியைப் பிடித்துத் திருப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. எல்லாம் மறக்காமல் வைத்திருக்கிற இந்தத் தலையில் அந்த வழி மட்டும் இல்லை.

வாசலில் புகழு நின்றிருந்தான், தொப்பலாக நனைந்து.

"மோட்டார் கொட்டா பாத்துட்டியாப்பா?"

"பாத்தேன்."

"கூரை இருக்குதா?"

"இருக்குது."

"கூரை போயிடுச்சிப்பா. நான் அங்கேர்ந்துதான் வரேன். வாய்க்கால் பூரா உன்னத் தேடிட்டு வரேன்."

அவ்வளவுதான் சொன்னான். அவன் கால் இடுப்பு வரைக்கும் சேறாக இருந்தது. வாய்க்காலில் இறங்கித் துழாவியிருக்கிறான். என் உடம்பைத் தேடியிருக்கிறான்.

நான் சைக்கிளை மாட்டுக் கொட்டாயில் நிறுத்தப் போனேன். மறுநாள் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து எல்லா வழியும் அடைத்துக்கொண்டது. இன்று சார்ஜ் ஏறினதும் கூப்பிட்டுப் பார்த்தேன். இளவரசி போன் அணைந்தே இருக்கிறது. பிரிட்டோ போனும்.

இருக்கிறாளா?

டிசம்பர் 5, வியாழன்

சைக்கிள் இல்லை. மாட்டுக் கொட்டாய் காலியாக இருக்கிறது. புகழு விடிகாலையில் யாருடைய டாட்டா ஏஸ் வண்டியிலோ ஏற்றிக்கொண்டு போய்விட்டானாம்.

எனக்கு இது வேண்டியதுதான். மூஞ்சில முழிக்க வேணாம்னு சொன்னான், சைக்கிளை எடுத்துக்கினு போனதோட விட்டான். ஆனா அவ எப்பிடி இருக்காள்னு தெரிஞ்ச பிறகு எடுக்கக் கூடாதா? ஒரு நாள் பொறுக்கக் கூடாதா?

டிசம்பர் 6, வெள்ளி

நடந்தே போய்விடலாம் என்று கிளம்பினேன். பாகூர் ஏரிக்கரை வரைக்கும் போனேன். முழங்கால் மடங்கிவிட்டது. சின்னப்பிள்ளை எக்ஸெலில் வந்தவன் தூக்கி உட்காரவைத்து வீட்டில் கொண்டுவந்து விட்டான். வழியெல்லாம் ஒரு கேலிகூடச் செய்யவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. ஊருக்கு ஏதாவது சேதி தெரிந்துவிட்டதா? எனக்கு மட்டும் சொல்லாமல் இருக்கிறார்களா?



டிசம்பர் 7, சனி

பெண் குழந்தை.

மெதுவாகச் சொல்கிறேன், போன் ஒழுங்காக எழுதட்டும். பெண் குழந்தை. இளவரசி நன்றாக இருக்கிறாள். இரண்டு நாள் நினைவில்லாமல் இருந்தாளாம். இப்போது கண் விழித்துப் பேசுகிறாள்.

அவர்கள் போன் இரண்டும் தண்ணீரில் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் யாரோ போன் கொடுத்து, உங்க வூட்டு நம்பர் ஏதாவது தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே நம்பர். படிக்கிற காலத்தில் அண்ணன் வாங்கின முதல் போன் நம்பர். புகழு இன்னும் மாற்றவில்லை.

மணி அடித்தபோது அவன் பல் விளக்கிக்கொண்டிருந்தான். எடுத்தான். பேசவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு வாயில் நுரையோடு வந்து, போனை என்னிடம் நீட்டினான். "உனக்குத்தான்" என்றான்.

நான் பேசி முடிக்கும்வரை அவன் கிணற்றடியில் தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றான். வாய் கொப்பளிக்க அவ்வளவு தண்ணீர் எதற்கு?

டிசம்பர் 8, ஞாயிறு

அவளைப் பார்க்க வேண்டும். கேட்க வாய் வரவில்லை. சைக்கிள் எங்கே என்றும் கேட்கவில்லை.

டிசம்பர் 11, புதன்

காலையில் மாட்டுக் கொட்டாயில் சைக்கிள் நின்றது. கறுப்பு வண்டிதான். முதலில் அடையாளம் தெரியவில்லை.

டயர் வேறு. முண்டு ஒன்றுகூட இல்லை. ஒல்லியாக, வழவழவென்று, காற்று கல் மாதிரி அடித்திருந்தது. பின்னால் கேரியர் மாட்டியிருக்கிறது. ஷாக்கப்சரை ஆடாதபடி இறுக்கிவிட்டிருக்கிறார்கள். கையை வைத்து அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை.

மஞ்சுளா தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"வியாழக்கெழமையே கடையில குடுத்துட்டாரு மாமா. மழையில டயரு வரல, அதான் லேட்டு."

வியாழக்கிழமை. போன் வந்தது சனிக்கிழமை அல்லவா?

"அவருக்கு எப்பத் தெரியும்?" என்றேன்.

"நீங்க கீழ உழுந்து வந்தன்னைக்கு மறுநாளே. டயரு நடுவுல மட்டும் தேஞ்சி பளபளன்னு இருக்குது, வயல்ல ஓட்டுனா இப்பிடித் தேயாதுன்னு சொன்னாரு. எங்கிட்ட சொல்லிட்டு, நீ ஒன்னும் பாக்காத மாதிரி இருன்னாரு." வாளியைக் கவிழ்த்துவிட்டு முந்தானையில் கை துடைத்தாள். "கடைக்காரரு கேட்டாராம் மாமா, போன மாசந்தான வயலுக்குன்னு வாங்கினு போனீங்க, இப்ப எந்த ரோட்டுல ஓட்டப் போறாருன்னு."

"இன்னா சொன்னானாம்?"

"தார் ரோடுன்னாராம்."

டிசம்பர் 12, வியாழன்

போனேன். தூக்கினேன். பேத்தி என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

வரும் வழியில் வாய்க்காலில் தண்ணீர் நன்றாக ஓடுகிறது. சைக்கிளை நிறுத்திக் கை கால் கழுவினேன். சேறு பூசவில்லை.